சுண்டைக்காய் வேரில் கத்தரி: வாடல் விழுந்த நிலத்துக்கு ஒட்டு நாற்று

பூவெடுத்துப் பிஞ்சு விடும் நேரத்தில் கத்தரிச்செடி நண்பகலில் துவள்கிறது. ராத்திரி தெளிந்துவிடுகிறது. மூன்று நான்கு நாள் இப்படியே போய், இலை பழுக்காமல் பச்சையாகவே செடி செத்து நிற்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று பாய்ச்சினால் பக்கத்துச் செடியும் சாய்கிறது. இதற்கு மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

சாய்ந்த செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டுங்கள். தெளிந்த தண்ணீர் நிறைந்த டம்ளரில், வெட்டுவாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டக் கூடாது. பின்னால் ஒரு கறுப்புத் துணியோ காகிதமோ இருந்தால் நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளை இழைகள் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா சோலனாசியாரம் என்ற கிருமி. இழை வராமல், தண்டைப் பிளந்தால் தோலுக்கு அடியில் பழுப்பு வளையம் மட்டும் தெரிந்தால் பூஞ்சாண வாடல். செடியைப் பிடுங்கும்போது வேரில் பாசிமணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தண்டுக்குள் கூடாகத் துளை ஓடியிருந்தால் அது தண்டைக் குடையும் துளைப்பான் புழுவின் வேலை, மண்ணில் குற்றமில்லை.

முதல் மூன்றில் எதுவாக இருந்தாலும் பிரச்சினை மண்ணில் இருக்கிறது. இலைமேல் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. மண்ணை நனைக்க ஊற்றும் மருந்தும் மேல் அங்குலங்களோடு நின்றுவிடும். பாக்டீரியாவோ கீழே இருக்கிறது, களைச்செடி வேரில் இருக்கிறது, பாசன நீரோடு நகர்கிறது. இந்த மண்ணில் கத்தரி வேரே இறங்கக் கூடாது என்பதுதான் ஒட்டு நாற்றின் அடிப்படை. சுண்டைக்காய் வேர் இந்த மூன்றையும் பெருமளவு தாங்கும். கீழே சுண்டைக்காய், மேலே நமக்கு வேண்டிய கத்தரி.

முறை புதிதல்ல. ஜப்பானில் 1920களிலேயே தர்ப்பூசணியைப் பூசணி இன வேரில் ஒட்டி வாடலைத் தாண்டினார்கள். 1950களில் அங்கே கத்தரிக்கும் இது வந்துவிட்டது. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டும் முறையை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுபோனது. நம் பக்கம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியைப் பரிந்துரைக்கிறது. நமக்குப் புதிது, குழித்தட்டில் ஒரு மாத நாற்றிலேயே ஒட்டி, ஏக்கர் கணக்கில் நடுவது.

வேரே தகராறு பண்ணும்

எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் வெட்டி ஒட்டுவது கஷ்டமில்லை என்பார்கள். கஷ்டம் சுண்டைக்காய் விதையை ஒரே நேரத்தில் முளைக்க வைப்பதுதான். விதை பொடிப்பொடியாக இருக்கும், உறக்க நிலையும் உண்டு. அப்படியே போட்டால் ஒன்று பத்தாம் நாள் முளைக்கும், இன்னொன்று முப்பதாம் நாள் முளைக்கும். ஒரே தட்டில் நூல் கனமும் பென்சில் கனமும் சேர்ந்து நின்றால் ஒட்டுவதற்குப் பாதிகூடத் தேறாது.

செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த காயைத்தான் விதைக்கு எடுக்க வேண்டும். பிசைந்து, நாலைந்து தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையை நிழலில் உலர்த்துங்கள். விதைக்கும் முன் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்தால் முளைப்பு ஓரளவு ஒன்றுபோல வரும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கு. இந்தத் தூள் தண்ணீரில் நேராகக் கரையாது, கட்டிகட்டியாக மிதக்கும். முதலில் சில மில்லி ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். பலருக்கு "ஊறவைத்தும் முளைக்கவில்லை" என்ற குறை வருவது இந்த இடத்தில்தான்.

விதையை நேராகக் குழித்தட்டில் போடாமல், ஒரு தனித் தட்டில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாகத் தென்னை நார்க்கழிவு போடுங்கள். ஆழம் போனால் முளைக்காது, இந்த விதைக்கு வெளிச்சமும் வேண்டும். இரண்டு இலை வந்ததும் ஒரே உயரமுள்ள கன்றுகளைப் பிரித்து 98 குழித் தட்டுக்கு மாற்றுங்கள். வேலை கூடத்தான். ஆனால் ஒரு தட்டு முழுக்க ஒரே கனத்தில் தண்டு கிடைக்கும், ஒட்டும் நாளில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

சுண்டைக்காய் மெதுவாக வளரும், கத்தரி வேகமாக வளரும். அதனால் சுண்டைக்காய் விதைத்து 20 முதல் 25 நாள் கழித்துத்தான் கத்தரி விதைக்க வேண்டும். கத்தரி நாற்றுக்கு 28, 30 நாள் ஆகும்போது சுண்டைக்காய்க்கு 50 நாள் ஆகியிருக்கும், இரண்டும் பேனா ரீஃபில் கனத்துக்கு வந்து நிற்கும். ஒட்டியபின் ஒரு வாரம் ஈரம் காக்கும் ஒட்டுக்கூடத்தில், அதற்குப் பிறகு எட்டுப் பத்து நாள் வெளிவெயிலுக்குப் பழக்கும் பதப்படுத்தல். மொத்தத்தில் சுண்டைக்காய் விதை விழுந்த நாளிலிருந்து நடவுக்கு 65, 70 நாள். ஆடி முதல் வாரத்தில் நடவேண்டும் என்றால் வைகாசி பிறக்கும்போதே விதை தட்டில் இருக்க வேண்டும். குளிர் மாதங்களில் சுண்டைக்காய் இன்னும் மந்தமாக வளரும், இன்னொரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே வைக்கும் கத்தரி உங்கள் சந்தைக்கு எது போகுமோ அது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்கத்தரி போன்ற நாட்டு ரகங்களுக்கு இந்த முறை நல்ல துணை. ரகத்தை மாற்றாமல் வேரை மட்டும் மாற்றுகிறோம் என்பதால் காயின் நிறமும் முள்ளும் ருசியும் அந்த ரகத்தினுடையதாகவே இருக்கும்.

வேர்ச்செடி விஷயத்தில் சொந்தமாகப் பரிசோதனை செய்ய வேண்டாம். ஊமத்தையும் கத்தரிக் குடும்பம்தான், ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், செழித்தும் வளரும். ஆனால் ஊமத்தையின் விஷம் வேரில் உருவாகிச் சாற்றோடு மேலே ஏறும். ஜப்பானின் ஒகினாவாவில் ஊமத்தை வேரில் ஒட்டிய கத்தரியின் காயைச் சாப்பிட்டு விஷம் ஏறியது ஆய்விதழில் பதிவான சம்பவம். உண்ணும் செடிக்கு உண்ணும் செடியின் வேரே வேண்டும்.

வெட்டும் ஒட்டும்

முந்தின நாள் மாலை வேர்ச்செடித் தட்டை நன்றாக நனைத்துவிடுங்கள். ஒட்டியபிறகு ஒரு வாரத்துக்கு நாற்றின்மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், காற்று வீசாத நிழலில் உட்கார வேண்டும். புது சவர பிளேடு, பக்கத்தில் 70 சத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. பத்துச் செடிக்கு ஒருமுறை துடைப்பதும், ஐம்பது செடிக்கு ஒருமுறை பிளேடு மாற்றுவதும் நல்ல பழக்கம். மழுங்கிய பிளேடு நறுக்காது, நசுக்கும். நசுங்கிய திசு கறுத்துவிடும், ஒட்டாது. பீடி, புகையிலை, வெற்றிலைச் சீவல் தொட்ட கையால் நாற்றைத் தொடக் கூடாது. புகையிலை வழியாக வரும் தேமல் வைரஸ் தட்டு முழுக்கப் பரவிவிடும்.

வேர்ச்செடியை மண்ணிலிருந்து இரண்டு அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் சமமாக வெட்டுங்கள். விதையிலைக்கு மேலேதான் வெட்டு விழும். கீழே நிற்கும் விதையிலையைக் கணுவோடு கிள்ளிவிடுங்கள். விட்டால் பின்னால் அங்கிருந்துதான் சுண்டைக்காய்த் துளிர் கிளம்பும். வெட்டிய தண்டின் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நேர்ப் பிளவு போடுங்கள். கத்தரி நாற்றில் நுனியும் இரண்டு மூன்று இலையும் இருக்கும்படி வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, அடித்தண்டை இருபுறமும் சீவி ஆப்பு வடிவாக்குங்கள். ஆப்பின் நீளமும் பிளவின் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆப்பு குட்டையானால் அடியில் காற்றுப்பை தங்கும், நீளமானால் வெளியே துருத்திக்கொண்டு காயும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இரண்டாவது முறை பிளேடு வைத்தால் பரப்பு மேடுபள்ளமாகிவிடும்.

செருகும்போது தண்டின் நடு நடுவோடு பொருந்தினால் போதாது, தோல் தோலோடு பொருந்த வேண்டும். தோலுக்கு ஒட்டி உட்புறம் உள்ள மெல்லிய பச்சை வளையம்தான் இரண்டு செடியையும் தைக்கும் இடம். கனம் கொஞ்சம் வேறுபட்டால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்துத் தோலையாவது சரியாகச் சேர்த்துவிடுங்கள், செடி பிழைத்துக்கொள்ளும். சிலிக்கான் கிளிப்பை ஒட்டின் மேலும் கீழும் சமமாகப் பிடிக்கும்படி மாட்டுங்கள். வெட்டிலிருந்து கிளிப் வரை ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வெட்டுவாயில் தண்ணீர்ச் சொட்டு விழவே கூடாது.

அந்த ஏழு நாள்

ஒட்டிய நாற்றுக்கு வேர் இருக்கிறது, ஆனால் மேலே உள்ள இலைக்குத் தண்ணீர் போக வழியில்லை. பாதை தைத்துக்கொள்ளும்வரை இலை தண்ணீரை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒட்டுக்கூடத்தின் ஒரே வேலை. ஈரப்பதம் 85 முதல் 95 சதம், வெப்பம் 25 முதல் 30 டிகிரி.

நிழல்வலைக் கூடத்துக்குள் தரையில் பாலிதீன் விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, ஓரங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீருக்கு மேலே தெரியும்படி உள்ளே செங்கல் வைத்து அதன்மேல் தட்டுகள். மூங்கிலோ கம்பியோ வளைத்து அதன்மேல் பாலிதீன், அதற்கு மேலே சற்று இடைவெளி விட்டு இன்னொரு நிழல்வலை. இந்த இடைவெளி முக்கியம். பாலிதீனை ஒட்டி வலை கிடந்தால் சித்திரை வெயிலில் உள்ளே நாற்று வெந்துவிடும். ஒரு வெப்பமானி, ஈரமானி உள்ளே தொங்கட்டும், விலை சில நூறு ரூபாய்தான். 32 டிகிரி தாண்டினால் வெளி வலையை நனையுங்கள். உள்ளே நாற்றின்மேல் தெளிக்காதீர்கள்.

முதல் இரண்டு நாள் ஏறக்குறைய இருட்டு, திறக்கவே வேண்டாம். மூன்றாம் நாள் காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஓரத்தைத் தூக்கிவிடுங்கள். நான்காம், ஐந்தாம் நாள் அதை அரை மணி, ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போய் வெளிச்சமும் கொஞ்சம் கொடுங்கள். ஏழாம் நாள் வெளியே. இந்தக் கணக்கை நாள்காட்டி சொல்ல விடாமல் இலையைச் சொல்ல விடுங்கள்: திறந்த அரை மணியில் இலை தொங்கினால் மூடிவிட்டு மறுநாள் பாருங்கள்.

தோல்வியைப் படிக்கத் தெரிந்தால் அடுத்த தட்டு பிழைக்கும். முதல் இரண்டு நாளிலேயே தலை சாய்ந்தால் ஒட்டு பொருந்தவில்லை, அல்லது ஈரப்பதம் இறங்கிவிட்டது. ஐந்து நாள் நன்றாக இருந்து வெளியே வந்ததும் சாய்ந்தால் அவசரப்பட்டு வெளியே எடுத்திருக்கிறீர்கள். ஒட்டிய இடம் கறுத்துக் கொழகொழவென்றிருந்தால் அழுக்கு பிளேடு, அல்லது வெட்டுவாயில் தண்ணீர். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் இருட்டு நீண்டுவிட்டது. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஒன்று உண்டு: மேல்தண்டு பசுமையாக நிற்கும், ஆனால் ஒட்டுக்கு மேலே வெள்ளை ரோமம்போல வேர் துளிர்த்திருக்கும். கூடம் அளவு மீறி ஈரமாக இருந்ததால் கத்தரி தனக்கென்று வேர் விடுகிறது. அந்த நாற்றைப் பிழைத்துவிட்டது என்று எண்ணி நட்டால் பணமும் நிலமும் போகும். தூக்கி எறியுங்கள்.

வாங்கி நடுபவர்கள் பெட்டியிலிருந்து ஒரு நாற்றை எடுத்து, ஒட்டுக்கு மேலே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒட்டு திறக்கக் கூடாது. சுற்றிலும் ஒரே அளவு தடித்திருக்க வேண்டும். அடித்தண்டு சுண்டைக்காய்தானா என்று நாற்றங்காலில் மீதமிருக்கும் வேர்ச்செடித் தட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வயலில் கெடுவது

கத்தரி நட்ட ஒரு மாதத்தில் மேலுரம் வைத்து மண் அணைப்பது நம் பழக்கம். ஒட்டு நாற்றுக்கு அதுவே எமன். ஒட்டிய இடம் மண்ணுக்குள் போனதும் மேலே உள்ள கத்தரி வேர் விடும், அந்த வேர் நோய் மண்ணில் இறங்கும், சுண்டைக்காய் அடியில் நல்லபடியாக இருக்கும்போதே செடி வாடிச் சாகும். "ஒட்டு நாற்று வாங்கியும் வாடல் வந்துவிட்டது" என்ற புகாரில் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். நடும்போதே ஒட்டு இரண்டு அங்குலமாவது மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். களை வெட்டுபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர்கள் நல்லெண்ணத்தில் தூரில் மண் இழுத்துவிடுவார்கள்.

இதைத் தவிர்க்கவே ஓரடி உயர மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், 25 அல்லது 30 மைக்ரான் பிளாஸ்டிக் நிலப்போர்வை. போர்வை இருந்தால் மண் அணைக்கும் வேலையே இல்லை, மழையில் மண் தெறித்து ஒட்டில் படிவதும் இல்லை. அடியுரமாக ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம். அதில் 20 கிலோ தனியே எடுத்து ஒரு கிலோ டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்து, நிழலில் ஈரமாகச் சில நாள் வைத்துப் போட்டால் பூஞ்சாண வாடலுக்கு இன்னொரு தடுப்பு. செடி கனம் கூடும், காய் பிடித்ததும் சாயும். ஒட்டு முறியும் இடமும் அதுதான். ஆகவே இருபது நாளுக்குள் குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும், கட்டு ஒட்டுக்கு மேலே விழ வேண்டும். அடியில் அகன்ற இலையோடு சுண்டைக்காய்த் துளிர் வந்தால் விரலால் கிள்ளுங்கள். இரண்டு மாதம் விட்டால் அது கத்தரியை அமுக்கிவிடும்.

இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா வீரிய ரகத்தை 3க்கு 2 அடியில் வைத்தால் ஏக்கருக்கு 7,260 நாற்று. ஒட்டுச்செடி பெரிதாக விரியும், நீண்ட நாள் நிற்கும். 5க்கு 3 அடியில் 2,904 நாற்று போதும். ஒட்டு நாற்றின் விலை சாதா நாற்றைப் போலப் பல மடங்கு என்றாலும் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்குவதால் மொத்தச் செலவு பயமுறுத்தும் அளவுக்குப் போகாது. வாடலே இல்லாத நிலத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டம்ளர் சோதனையை முதலில் வைத்தது அதற்காகத்தான்.

முதல் பூ சாதாச் செடியைவிடச் சில நாள் தள்ளி வரும், பதற வேண்டாம். அந்த முதல் பூவுக்குக் கீழே உள்ள பக்கத்துளிர்களை எடுத்துவிட்டு மூன்று நான்கு கிளை விட்டால் காற்றோட்டம் இருக்கும். காய்ப்பு இறங்கி, காய் சிறுத்ததும் ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவி, உரமும் நீரும் கொடுத்தால் ஒன்றரை மாதம் போல ஆனதும் மறுபடி காய்க்கும். சுண்டைக்காய் வேர் ஆண்டுக்கணக்கில் வாழ்வது என்பதால் மறுதாம்புக்குத் தாங்கும். கவாத்துக் கத்தரிக்கோலையும் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ஒட்டுக்கு மேலே உள்ளது கத்தரிதான், வாடல் பாக்டீரியா வெட்டுவாய் வழியாகவும் நுழையும்.

ஒட்டு தடுக்காதது

தண்டு, காய்த் துளைப்பானை ஒட்டு தடுக்காது. இந்தப் புழுவுக்காகவே மரபணு மாற்றிய பி.டி. கத்தரி உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அது நிறுத்திவைக்கப்பட்டது, வங்கதேசம் 2013இல் அனுமதித்து 2014 முதல் பயிரிடுகிறது. அதிலும் வாடலுக்குத் தீர்வு இல்லை, அது வேறு நோய்க்கான வேறு மருந்து. நம் வயலில் செய்யக்கூடியது இனக்கவர்ச்சிப் பொறி. நடமாட்டம் பார்க்க மட்டும் என்றால் ஏக்கருக்கு 5, ஆண் அந்துப்பூச்சியைப் பிடித்துக் குறைக்க வேண்டும் என்றால் 40, பத்து மீட்டருக்கு ஒன்று. பொறி செடியின் தலை மட்டத்தில் இருக்க வேண்டும், செடி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள். கவர்ச்சிக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இலையில் பொரிந்த புழு சில மணி நேரத்தில் தண்டுக்குள் போய்விடும், அதன்பின் மருந்து எட்டாது. வாரம் ஒருமுறை வரிசையில் நடந்து, நுனி தொங்கும் துளிர்களைத் துளைக்கு ஓரங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். வரப்பில் போட்டால் உள்ளிருக்கும் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும். பழைய கத்தரி மாரை விறகுக்கென்று வயலோரம் அடுக்குவதும் அப்படித்தான். இலை சிறுத்துக் கொத்துக்கொத்தாக நிற்கும் சிறு இலை நோய்க்கும் ஒட்டு மருந்தல்ல, அந்தச் செடியை உடனே பிடுங்குங்கள்.

புது நிலத்தில் முதல் தடவை ஏக்கர் முழுக்க நடாமல், வாடல் அதிகம் விழும் மூலையில் 200 ஒட்டு நாற்றும் பக்கத்திலேயே ஒரு வரிசை சாதா நாற்றும் வையுங்கள். ஒட்டுச்செடி எதுவாவது சாய்ந்தால் மண்ணைத் தோண்டி வேரோடு எடுத்து, ஒட்டுக்கு மேலே வேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒட்டுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு வெட்டி இரண்டு டம்ளரில் தனித்தனியே தொங்கவிடுங்கள். மேல்துண்டில் மட்டும் வெள்ளை இழை இறங்கினால் கிருமி மண் அணைத்ததாலோ வெட்டுவாய் வழியாகவோ போயிருக்கிறது, அது நம் வேலையில் திருத்த வேண்டியது. கீழ்த்துண்டிலும் இறங்கினால் அந்த மூலையில் கிருமி சுண்டைக்காய் வேரையும் மீறும் அளவுக்கு ஏறியிருக்கிறது. அங்கே கத்தரிக் குடும்பத்தை விட்டுவிட்டு மக்காச்சோளமோ நெல்லோ வைத்து, சில போகம் கழித்து வாருங்கள்.